கல்லீரலுக்குள் ஒரு செய்திப் போக்குவரத்து



செனாய் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் பலருக்குப் பால்மரக் காடுகள் இன்னும் நினைவில் இருக்கும். 1974-ஆம் ஆண்டில் இங்கே விமான நிலையம் திறக்கப்பட்டது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன, வீடமைப்புப் பகுதிகள் வந்தன. பால்மரம் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. ஆனாலும் உளி பிடித்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அந்தக் கைகளுக்குத் தெரிந்த ஓர் உண்மையைக் கொண்டே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

பால் வெட்டுகிறவர் மரப்பட்டையை மெல்லியதாகச் சீவுவார். பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்தில் உளி படாமல் பார்த்துக்கொள்வார். அப்படிச் சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப் பட்டை வளர்ந்துவிடும். அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். உளி ஆழமாக இறங்கி மரத்தையே காயப்படுத்திவிட்டால், அங்கே முண்டும் முடிச்சுமாகத் தழும்பு கட்டிவிடும். மரம் சாகாது. ஆனால் அந்த இடத்தில் இனி ஒழுங்காக வெட்ட முடியாது.

நம் கல்லீரலின் கதையும் ஏறக்குறைய இதுதான். சிறு காயம் பட்டால் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். காயம் ஓயாமல் பட்டுக்கொண்டே இருந்தால் தழும்பு கட்டிவிடும். எப்போது புதுப்பிப்பது, எப்போது தழும்பு கட்டுவது என்பதைக் கல்லீரலுக்குச் சொல்வது யார்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வளர்ந்த ஒருவருடைய கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். அதற்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது. நாம் உண்ட உணவின் சத்தும், குடித்த மதுவும், விழுங்கிய மருந்தும் முதலில் போய்ச் சேருமிடம் கல்லீரல்தான். ஆகவே காயம் படுவதற்கு வாய்ப்பு மிகுந்த உறுப்பும் அதுவே.

கல்லீரலில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் உள்ளன. அவற்றுக்கு வாயில்லை, காதில்லை. அவை ஒன்றோடொன்று பேசுவது நுண்ணிய இரசாயனப் பொருள்களின் வழியாகத்தான். ஓர் உயிரணு அந்தப் பொருளை வெளியே விடும். மற்றோர் உயிரணு அதைப் பெற்றுக்கொண்டு அதற்கேற்ப நடக்கும். இவற்றைச் செய்தி மூலக்கூறுகள் என்று சொல்லலாம். செய்தியைப் பெற்றுக்கொள்ள உயிரணுவின் மேற்பரப்பிலோ உள்ளேயோ தனி அமைப்பு உண்டு. அதற்கு ஏற்பி என்று பெயர்.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். "மருந்தடிக்கிறவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று கங்காணி குரல் கொடுப்பார். குரல் அனைவர் காதிலும் விழும். ஆனால் மருந்தடிக்கிறவர்கள் மட்டுமே நகர்வார்கள். வெட்டுக்காரர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். செய்தி மூலக்கூறும் அப்படித்தான். அது பல இடங்களுக்குப் பரவலாம். ஆனால் அதற்குரிய ஏற்பி எந்த உயிரணுவில் இருக்கிறதோ அந்த உயிரணு மட்டுமே அதற்குக் கீழ்ப்படியும்.

இப்போது கல்லீரலில் வேலை செய்யும் மூன்று வகை உயிரணுக்களை மட்டும் தெரிந்துகொள்வோம். முதல் வகை, கல்லீரலின் பெரும்பகுதியாக இருந்து அன்றாட வேலைகளைச் செய்யும் கல்லீரல் உயிரணுக்கள். இரண்டாவது வகை கூப்ஃபர் உயிரணுக்கள். இவை காவலாளிகள். குடலிலிருந்து வரும் கிருமிகளையும் நச்சுப் பொருள்களையும் பிடித்து விழுங்குபவை. மூன்றாவது வகை, நட்சத்திர உயிரணுக்கள். சாதாரணக் காலத்தில் இவை வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். தழும்பு கட்டும் வேலை வரும்போது முன்னணிக்கு வருபவை இவையே.

கல்லீரல் வளரும் ஆற்றலை முதலில் பார்ப்போம். 1931-ஆம் ஆண்டில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருந்த பங்கு ஒரு வாரம் பத்து நாளில் பழைய அளவுக்குப் பெருகிவிட்டது. 1967-இல் வேறு ஆய்வாளர்கள் இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். ஓர் எலியின் கல்லீரலை வெட்டியபோது, வெட்டுப்படாத மற்ற எலியின் கல்லீரலும் வளரத் தயாரானது. ஏதோ ஒரு செய்தி இரத்தத்தின் வழியாகப் போயிருக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று. 1984-இல் ஜப்பானிய அறிஞர் நாகமுராவும் அவருடைய குழுவினரும் அத்தகைய செய்திப் பொருள் ஒன்றை எலியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது எச்.ஜி.எஃப். எனப்படும் வளர்ச்சிக் காரணி ஆகும்.

இன்று நமக்குத் தெரிந்த வரிசை இதுதான். கல்லீரல் காயப்பட்டதும் கூப்ஃபர் உயிரணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 ஆகிய செய்திகளை விடுகின்றன. "தயாராகுங்கள்" என்பது அவற்றின் பொருள். பிறகு எச்.ஜி.எஃப். போன்ற காரணிகள் வந்து "பெருகுங்கள்" என்று ஆணையிடுகின்றன. வேண்டிய அளவு வளர்ந்த பிறகு டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற இன்னொரு செய்தி "போதும், நிறுத்துங்கள்" என்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைத் தம் பிள்ளைக்கோ உடன்பிறந்தாருக்கோ கொடுக்க முடிவது இந்தச் செய்திகள் ஒழுங்காக வேலை செய்வதால்தான். கொடுத்தவருக்கும் வளர்கிறது, பெற்றவருக்கும் வளர்கிறது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு எப்படி நோயாக மாறுகிறது?

"போதும்" என்று சொன்ன டி.ஜி.எஃப்.-பீட்டாவைக் கவனியுங்கள். அதே மூலக்கூறு நட்சத்திர உயிரணுவிடம் போய்ச் சேர்ந்தால் அங்கே அதன் பொருள் வேறு. "நார் பின்னு, காயத்தை அடை" என்பது அதன் பொருள். உடனே நட்சத்திர உயிரணு தான் சேமித்து வைத்திருந்த வைட்டமின் ஏ-யை இழந்து, உருமாறி, கொலாஜன் என்னும் நார்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகிறது. காயம் ஒருமுறை பட்டு ஆறிவிட்டால் இந்த ஆணை நின்றுவிடும். பின்னிய நாரும் கரைந்துவிடும். காயம் பத்தாண்டு, இருபதாண்டு என்று நீடித்தால் ஆணையும் நிற்பதில்லை. நார் மேல் நாராகப் படிந்து, கல்லீரல் இறுகி, முண்டும் முடிச்சுமாகிறது. இதுவே சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுகல் நோய். வயிற்றில் நீர் கோப்பதும், இரத்த வாந்தி வருவதும், நினைவு தடுமாறுவதும் இதன் பின்விளைவுகள். கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி இறுகிப்போன கல்லீரலில்தான் தோன்றுகிறது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தழும்பு கட்டுவது உடல் செய்யும் தவறு அன்று. அது அவசர காலத்து ஆணை. அந்த ஆணையைத் திரும்பப் பெற முடியாமல் போவதுதான் நோய். எனவே மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆணையை ஓயாமல் தூண்டிக்கொண்டிருப்பது யார் என்பதே. நம் நாட்டில், நம் குடும்பங்களில், பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதல் காரணம் ஹெப்படைடிஸ் பி, சி என்னும் வைரஸ் கிருமிகள். இவை கல்லீரலில் குடியேறி, வலியோ காய்ச்சலோ இல்லாமல் பல ஆண்டுகள் இருந்துவிடும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989-ஆம் ஆண்டிலிருந்து ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைத்திருக்காது. ஹெப்படைடிஸ் சி கிருமிக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை.

இரண்டாவது காரணம் மது. கள்ளானாலும் சம்சுவானாலும் பீரானாலும் கல்லீரலுக்கு எல்லாம் ஒன்றே. மது கல்லீரல் உயிரணுவை நேரடியாகத் தாக்குவதோடு நிற்பதில்லை. குடலின் சுவரையும் கசிய வைக்கிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருள் அந்தக் கசிவின் வழியாகக் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. காவலுக்கு இருக்கும் கூப்ஃபர் உயிரணு எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணி டி.என்.எஃப். செய்தியைக் கொட்டுகிறது. குடிப்பவருடைய கல்லீரலில் தினந்தோறும் இந்த அபாயக் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது காரணம் கொழுப்பு. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் வளர்ந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. பாதிக்கு மேற்பட்டோர் அளவுக்கு மீறிய எடையுடையவர்கள். இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் இந்நோயும் ஒரு செய்திக் கோளாறுதான். இன்சுலின் ஒரு செய்தி மூலக்கூறு. கொழுத்த உடலில் அந்தச் செய்தி சரியாகக் காதில் விழுவதில்லை. உடலின் கொழுப்புத் திசு தன் சரக்கைக் கட்டுப்பாடின்றி இரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. அது கல்லீரலில் வந்து படிகிறது. படிந்த கொழுப்பு உயிரணுவைப் புண்ணாக்க, மறுபடியும் அதே அபாயக் குரல், அதே நார் பின்னும் ஆணை. ஒரு சொட்டு மது அருந்தாதவருக்கும் கல்லீரல் இறுகுவது இதனால்தான்.

நேயர்களே, நோய் செய்திகளால் வருகிறது என்றால், செய்தியையே மருந்தாகக் கொடுக்க முடியாதா? கெட்ட செய்தியை அடக்கிவிட முடியாதா? விஞ்ஞானிகள் இரண்டையும் செய்து பார்த்தார்கள்.

1957-ஆம் ஆண்டில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் லண்டனில் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் தாக்கிய உயிரணு, பக்கத்து உயிரணுக்களை எச்சரிப்பதற்காக விடும் செய்தி இது. 1990-களில் ஹெப்படைடிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் ஊசியாகப் போடப்பட்டது. பலர் குணமடைந்தார்கள். ஆனால் சிகிச்சை பெரும்பாலும் 24 வாரம் முதல் 48 வாரம் வரை நீண்டது. காய்ச்சல், உடல்வலி, முடி உதிர்தல், இரத்த அணுக்கள் குறைதல், மனச்சோர்வு எனத் துன்பங்கள் பல. காரணம் எளியது. இன்டர்ஃபெரானுக்குரிய ஏற்பி கல்லீரலில் மட்டுமல்ல, உடலெங்கும் இருக்கிறது. கங்காணியின் குரலுக்குத் தோட்டம் முழுவதுமே எழுந்து ஓடியது போலாயிற்று.

செய்தியை அடக்கிப் பார்த்த கதை இதைவிடக் கசப்பானது. கடுமையான மதுக் கல்லீரல் அழற்சி கண்டவர்களுக்கு டி.என்.எஃப். செய்தியைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-இலும் 2008-இலும் வெளியான இரண்டு ஆய்வுகளில், மருந்து பெற்றவர்களே அதிகமாக நோய்த்தொற்றுக்கு ஆளானார்கள், அதிகமாக இறந்தார்கள். அழற்சியை வளர்த்த அதே டி.என்.எஃப்.-தான் கிருமிகளையும் தடுத்து வந்தது. காயம்பட்ட கல்லீரலைத் "தயாராகு" என்று எழுப்பியதும் அதுவே. டி.ஜி.எஃப்.-பீட்டாவை உடல் முழுவதும் அடக்கிவிடுவதிலும் இதே ஆபத்து உண்டு. உயிரணுக்கள் மிதமிஞ்சிப் பெருகாமல் தடுக்கும் பொறுப்பும் அதற்கு இருக்கிறது.

இந்த அனுபவங்களிலிருந்து மருத்துவம் கற்ற பாடம் என்ன? செய்தியோடு சண்டை போடுவதைவிட, செய்தியைத் தூண்டுகிறவனை விரட்டுவதே மேல் என்பதுதான். இதற்கு நம் நாடே நல்ல சான்று. ஹெப்படைடிஸ் சி கிருமியை நேரடியாகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தபோது அதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 2017-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம், காப்புரிமை பெற்ற அந்த மருந்தை அரசாங்கப் பயன்பாட்டு உரிமையின்கீழ் மலிவான வடிவில் பெற வழி செய்தது. அதனோடு ராவிடாஸ்விர் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்து, மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் சோதித்தார்கள். சிகிச்சை முடிந்து 12 வாரங்களுக்குப் பின் பார்த்தபோது 97 விழுக்காட்டினரிடம் கிருமி இல்லை. 2021-இல் ராவிடாஸ்விர் மலேசியாவில் பதிவு பெற்றது. ஊசி இல்லை, ஓராண்டுத் துன்பமும் இல்லை.

கிருமி போன பிறகு தழும்பு என்ன ஆகும்? முன்பெல்லாம் இறுகிய கல்லீரல் திரும்பாது என்றே மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. ஹெப்படைடிஸ் பி கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்தாண்டுகள் உட்கொண்டவர்களில், தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்தவர்கள் 96 பேர். ஐந்தாண்டு முடிவில் அவர்களில் 71 பேருக்குச் சிரோசிஸ் இல்லை. தூண்டுகிறவன் அடங்கியதும் நார் பின்னும் ஆணை நின்றது. நட்சத்திர உயிரணுக்கள் அமைதியாயின. காவல் உயிரணுக்கள் நாரைக் கரைக்கும் என்சைம்களை விட்டன. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. மிகவும் முற்றிவிட்ட நிலையில் கல்லீரல் மாற்று அறுவை ஒன்றே வழியாக இருக்கலாம். ஆனால் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது.

கொழுப்புக் கல்லீரல் நோய்க்கும் இப்போது செய்தி வழி மருந்துகள் வந்திருக்கின்றன. 2024 மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரை ஒப்புதல் பெற்றது. தைராய்டுச் சுரப்பின் செய்தியை ஏற்கும் ஏற்பிகளில், கல்லீரலில் மிகுதியாக உள்ள ஒரு வகையை மட்டும் இது தூண்டி, கொழுப்பை எரிக்கச் சொல்கிறது. 966 பேரிடம் நடந்த ஆய்வில், அதிக அளவு மருந்து பெற்றவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு அழற்சி நீங்கியது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் அது சுமார் 10 விழுக்காடு. 2025 ஆகஸ்டில் செமாகுளுடைட் என்ற ஊசி மருந்தும் இந்நோய்க்கு அங்கே ஒப்புதல் பெற்றது. அது குடலின் ஒரு செய்தியைப் போல நடித்து, பசியைக் குறைத்து, எடையை இறக்குகிறது.

ஆனால் எடையை இறக்க மருந்து மட்டுமே வழியன்று. 2015-இல் கியூபா நாட்டில், உணவையும் நடைப்பயிற்சியையும் மட்டுமே கொண்டு 293 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் அழற்சி நீங்கியது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தழும்பும் குறைந்தது. 80 கிலோ இருப்பவர் 72 கிலோவுக்கு வர வேண்டும். எளிதன்று. ஆயினும் தே தாரிக்கில் சர்க்கரையைக் குறைப்பதும், மாலையில் அரைமணி நேரம் நடப்பதும் நம் கையில் இருப்பவை.

இந்த இடத்தில் நேயர்களில் பலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். கீழாநெல்லி இருக்கிறதே, அது போதாதா? மலாய் மக்கள் டுக்கோங் அனாக் என்று சொல்லும் இச்செடி நம் வீட்டு வேலியோரத்திலும் முளைக்கிறது. சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, இதை முறையாகச் சோதித்தார்கள். 1988-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஹெப்படைடிஸ் பி கிருமி உடையவர்களில் கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத் தூள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 1990-இல் தாய்லாந்தில் நடந்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிற சோதனைகளிலும் அது உறுதிப்படவில்லை. அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் காமாலை தீர்ந்தவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அசுத்த உணவாலும் நீராலும் வரும் ஹெப்படைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆற்றுவது, நாம் முதலில் பார்த்த "பெருகுங்கள்" என்ற செய்தி. பெருமை மட்டும் பச்சிலைக்குப் போய்விடுகிறது. காமாலை ஓர் அடையாளமே தவிர, அதுவே நோயன்று. கண் வெளுத்துவிட்டது என்பதற்காக உள்ளே இருக்கும் பி, சி கிருமிகள் போய்விட்டன என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

ஆகவே, நேயர்களே, 1989-க்கு முன் பிறந்தவர்களும், 1990-களின் தொடக்கத்திற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், எப்போதாவது போதை ஊசி போட்டுக்கொண்டவர்களும், குடும்பத்தில் ஒருவருக்குக் கல்லீரல் நோய் கண்டவர்களும், ஹெப்படைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "என் கல்லீரல் எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குடிப்பழக்கம் உள்ளவர்கள் இன்றே நிறுத்த உதவி தேடுங்கள். பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர் மட்டும் திடீரென்று தாமாக நிறுத்தாமல், மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

மரத்தில் உளி ஆழமாக இறங்கினால் அது கண்ணுக்குத் தெரியும். கல்லீரலில் இறங்குவது தெரிவதில்லை, வலிப்பதும் இல்லை. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உளியை எடுத்துவிட்டால், புதுப் பட்டை வளர்க்கும் வேலையைக் கல்லீரல் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும்.